தண்ணீரில் இறங்கியவர்

1

நிசிபின் நகரம்
ஈயார் மாதம், வெயில் ஏறத் தொடங்கிய வாரம்

என் ஷல்மத்துக்கு உன் கார்மு எழுதுவது.

உனக்கும் நம் வீட்டுக்கும் சமாதானம். நான் சுகம். கழுதை என்னைவிடச் சுகம். நீ கட்டிக் கொடுத்த எள்ளுருண்டை மட்டும் நம் எதேசாவின் மதில் கண்ணுக்கு மறைவதற்குள் தீர்ந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்வது உனக்குச் சிரமமாக இருக்கிறதா?

நேற்று மாலை நிசிபின் வந்து சேர்ந்தோம். ஒட்டகங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நாளை மறுபடி கிளம்புகிறோம். அர்பேலில் இந்த வருடம் பட்டு நூல் நிறைய இறங்கியிருக்கிறதாம். வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு திராட்சை பறிப்புக்கு முன்னால் நம் வாசலில் வந்து நிற்பேன்.

இன்று காலை இங்குள்ள கிறிஸ்துவின் சபைக்குப் போனேன். தோல் பை தைக்கும் ஒருவன், என்னைவிட இளையவன், ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் இறங்கினான். அவன் மனைவி கரையில் நின்றாள். அவன் ஏறி வந்து அவளைத் தாண்டி நடந்து, மணவாழ்வைத் துறந்த தனியர்களோடு போய் நின்றுகொண்டான். நம் ஊரிலும் இதே வழக்கம்தான், நாம் எத்தனையோ முறை பார்த்ததுதான். இறங்கியவன் அதற்குப்பின் யாருக்கும் கணவன் இல்லை, எல்லாருக்கும் சகோதரன். இருந்தாலும் இந்தத் தடவை அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆறு வருடமாக நீயும் நானும் இன்னும் இறங்காத கேட்போர் வரிசையில் நிற்கிறோம். வாசிப்பு முடிந்து சபை ஊழியர் 'கதவு' என்று குரல் கொடுத்ததும் மற்றவர்களை ரொட்டி விருந்துக்கு உள்ளே விட்டுவிட்டு வெளியே வருகிறோம். அவித்த கடலை வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு நடக்கிறோம். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. நாம் பேசியதுதான் பேச்சு. ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, அதற்கும் ஒரு கல்யாணம் ஆகட்டும். பிறகு கிழவனும் கிழவியுமாக ஒரே நாளில் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். அதுவரை யார் கூப்பிட்டாலும் என் கால் நனையாது.

கடலைக்காரனிடம் என்னை விசாரித்ததாகச் சொல். உன் கண்ணில் தூசி விழாமல் பார்த்துக்கொள்.

உன் கார்மு


2

எதேசா
ஹசீரான் மாதம்

ஊர் சுற்றும் என் வீட்டுக்காரருக்கு ஷல்மத் எழுதுவது.

சமாதானம். இங்கே எல்லாரும் நலம். நீங்களும் கழுதையும் இதேபோல நலமாக இருக்க வேண்டும், கழுதை கொஞ்சம் கூடுதலாக. எள்ளுருண்டை ஒரு மாதத்துக்கு என்று கணக்குப் போட்டுச் செய்தேன். உங்கள் கையில் கொடுத்தது என் தப்பு.

கடை ஓடுகிறது. மன்னர் வீட்டுப் பெண்கள் இருவர் வந்து ஊதாப் பட்டு கேட்டார்கள். புருஷன் கொண்டுவருவார், காத்திருங்கள் என்றேன். 'எத்தன நாளு?' என்றார்கள். 'அது அவருக்கும் கழுதைக்கும்தான் தெரியும்' என்றேன். சிரித்துக்கொண்டே போனார்கள்.

அத்தைக்கு முழங்கால் தேவலை. சுடுகிற ரொட்டியில் முதல் ரொட்டி இன்னும் அம்மன் கோயில் குளத்து மீன்களுக்குத்தான் போகிறது. நேற்று என்னிடம் சொன்னதைக் கேளுங்கள். 'ஒங்க சாமிக்கு ரொட்டி வெச்சா நீங்களே தின்னுடறீங்க. என் சாமிக்குப் போட்டா மீனு வாயத் தொறந்து வாங்குது. எது நெசம்னு நீயே சொல்லு' என்றார். நான் என்ன சொல்வது? உள்ளே கூப்பிட்டு எனக்கு அந்த ரொட்டியை இதுவரை யாரும் காட்டியதுகூட இல்லையே.

எண்ணெய் வாசனை எனக்கு இப்போது ஆகவில்லை. அத்தை என்னை மாடி ஏணியில் ஏற விடுவதில்லை, தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், வெயிலில் கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

திராட்சை பறிப்புக்கு முன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊழியர் அப்லஹாவிடமும் சொல்லிவிட்டேன். ஊரறியச் சொன்னது, மறந்துவிடாதீர்கள்.

வழி பார்த்திருக்கும்
ஷல்மத்


3

அர்பேல்
ஆப் மாதம்

ஷல்மத்துக்கும் அம்மாவுக்கும் கார்மு எழுதுவது.

உங்கள் இருவருக்கும் ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும். இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தம்மூஸ் மாதம் எனக்கு ஜுரம் கண்டது. சத்திரத்தில் கிடந்தவனை ஸக்கை என்ற சாயக்காரர் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், இங்குள்ள சபைக்கு அவர்தான் மூத்தவர். முழங்கை வரை நீலமாக இருக்கும் மனிதர். அவர் வீட்டில் கஞ்சி குடித்துத்தான் எழுந்தேன். இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை. எல்லாம் கடந்துவிட்டது.

திரும்பி வருவது தள்ளிப்போகிறது. இங்குள்ள சபையில் நற்செய்திச் சுருள் ஒன்று இருக்கிறது. நம் எதேசா ஆட்கள் எப்போதோ கொண்டுவந்து கொடுத்தது, நம் எழுத்தில் இருக்கிறது. திருத்தமாக வாசிக்க ஆள் இல்லை. ஸக்கைக்குக் கண் மங்கிவிட்டது. என்னை வாசிக்கச் சொல்கிறார்கள். மறுக்க முடியாத நிலை.

பட்டு நூலை யாகோபின் ஒட்டகக் கூட்டத்தோடு அனுப்பியிருக்கிறேன். சரிபார்த்து எடுத்துக்கொள்ளவும். அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

கார்மு


4

எதேசா
ஏலூல் மாதம், திராட்சை பறித்து முடிந்துவிட்டது

அர்பேலில் குடியேறிவிட்ட என் வீட்டுக்காரருக்கு.

சமாதானம். உங்கள் ஜுரத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது கோல் இல்லாமல் நடக்கிறீர்களா? இருமல் இருக்கிறதா? ஜுரத்துக்குப் பிறகு தலைமுடி கொட்டுமே, கொட்டியதா? இதையெல்லாம் எழுதாமல் சாயக்காரரின் கை என்ன நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பட்டு நூல் வந்தது. நன்றாக இருக்கிறது. மூட்டை மூட்டையாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், நீங்கள் உள்ளே இல்லை.

எனக்கும் அத்தைக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதும் சிக்கனம் உங்களுக்கு எப்போது வந்தது? எனக்கென்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடினேன். அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: 'அவனுக்கு அங்க எவளோ இருக்கா. பொம்பள இல்லாமயா ஜுரத்துல கெடந்த ஆம்பள எந்திரிச்சு நடக்கறான்?'

'உங்க மகன அவ்வளவுதான் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களா?' என்று கேட்டேன்.

'பெத்தவ நான். எனக்குத் தெரியாததா? அவங்கப்பன் நிசிபின்ல ரெண்டு வருஷம் கழுத வாங்கிக்கிட்டே இருந்தாரு' என்றார்.

நான் சிரித்தேன். அப்புறம் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் இருந்தால் சண்டை போடலாம். உங்கள் கடிதத்தில் பெண் வாசனை இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

ஒரே ஒரு வரி பதில் போதும். குளிருக்கு முன் வருவீர்களா, மாட்டீர்களா?

ஷல்மத்


5

அர்பேல்
முதல் தெஷ்ரி மாதம்

ஷல்மத்துக்கு கார்மு எழுதுவது.

சமாதானம். தலைமுடி கொட்டியது, மறுபடி முளைத்துவிட்டது. இருமல் இல்லை. கோலைத் தூரப் போட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொல், இங்கே எந்தப் பெண்ணும் இல்லை. இது சத்தியம்.

இங்கே நடப்பதை நீ பார்க்கவேண்டும். ஆரம்பத்தில் சாயப்பட்டறையில் ஒரு பாய் விரித்தால் சபை முழுவதும் உட்கார்ந்துவிடும். இப்போது முற்றத்தில் இடம் போதவில்லை. மலைக் கிராமங்களிலிருந்து பாலாடைக்கட்டி விற்க வருகிறவர்கள் விற்றுவிட்டு நேரே இங்கே வருகிறார்கள். பார்த்தியக் குதிரை வீரன் ஒருவன் வருகிறான். வாசலுக்கு வெளியே குதிரையைப் பிடித்துக்கொண்டே நின்று கேட்பான். ஒருநாள் என்னை வழிமறித்து, 'செத்துப்போன பொண்ணக் கையப் புடிச்சு எழுப்புனாருன்னு வாசிச்சியே, அத இன்னொரு தடவ சொல்லு' என்றான். சொன்னேன். 'எம் பொண்ணு போன வருஷம் செத்துப்போச்சு' என்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறிப் போய்விட்டான். மறுநாள் குதிரையைக் கட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

எதேசாக்காரன் என்றால் இங்கே தனி மரியாதை. 'இந்தச் சேதிய முதல்ல எங்களுக்குக் கொண்டாந்ததே ஒங்க ஊரு ஏவாரிங்கதான்' என்கிறார்கள். நம் ஊரைப் பற்றி எனக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

குளிருக்கு முன் வருவேனா என்று கேட்டாய். மலைப்பாதையில் பனி விழ ஆரம்பித்துவிடும் என்கிறார்கள். வசந்தத்தில் பார்க்கலாம். நீ கேட்கும் மற்றவற்றுக்கு நேரில் பதில் சொல்வதே சரி.

உன் உடம்பு எப்படி? எண்ணெய் வாசனை ஆகவில்லை என்று முன்பு எழுதியிருந்தாயே, சரியாகிவிட்டதா?

கார்மு


6

எதேசா
இரண்டாம் தெஷ்ரி மாதம்

கார்முவுக்கு ஷல்மத் எழுதுவது.

சமாதானம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு முடிந்ததும் ஊழியர் அப்லஹா மேடையிலேயே நின்றுகொண்டு, 'கிழக்கேருந்து சந்தோஷச் சேதி வந்திருக்கு' என்றார். அர்பேல் சபை எழுதிய கடிதத்தைப் பிரித்து உரக்க வாசித்தார். ஸக்கை சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. உங்கள் கையெழுத்து இல்லை. 'உங்கள் மகன் கார்மு எங்களிடம் சாகக் கிடந்தார். படுக்கையிலிருந்து எடுத்துப்போய்த் தண்ணீரில் இறக்கினோம். ஆண்டவர் அவரை எழுப்பிவிட்டார். இன்று அவர் எங்களுக்குள் தனியராக வாழ்ந்து, எங்களுக்கு வாசிக்கிறார். அவர் குரலைக் கேட்டு மலை ஜனங்கள் வருகிறார்கள். எதேசாவுக்கு நன்றி.'

கூடம் முழுவதும் எழுந்து பாடியது. எனக்கு இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி என் கன்னத்தில் முத்தமிட்டு, 'புண்ணியவதி, ஒன் வீட்டுலேருந்து ஒருத்தர் போயிருக்காரு பாரு' என்றாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அதன் பிறகு அப்லஹா 'கதவு' என்றார். மற்ற கேட்போர்களோடு நானும் வெளியே வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. கடலைக்காரன் கடலையைப் பொட்டலம் கட்டி நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்து அத்தையிடம் கொடுத்தேன்.

ஊரே அறிந்த விஷயம் எனக்குக் கடைசியாகத் தெரிந்தது. அதுவும் ஒரு சந்தோஷச் சேதியாக. அழுவதற்குக்கூட உரிமை இல்லாதபடி செய்துவிட்டீர்கள்.

கேட்கவேண்டியது ஒன்றுதான். உங்களைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கும்போது உங்களுக்கு நினைவு இருந்ததா? வாயைத் திறந்து 'சரி' என்று நீங்கள் சொன்னீர்களா, அல்லது அவர்களாகவே செய்துவிட்டார்களா? உண்மையை எழுதுங்கள். தாங்கிக்கொள்கிறேன், தாங்கிக்கொள்ளாமல் இருக்கிறேன், அது என் பாடு.

நீங்கள் என்னிடம் ஒன்றை மறைத்தீர்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதை எழுதினால் நீங்கள் அதற்காகக் கிளம்பி வருவீர்கள். எனக்கு அது வேண்டாம். எனக்காக வருவதென்றால் வாருங்கள்.

ஷல்மத்


7

அர்பேல்
இரண்டாம் கானூன் மாதம்

என் ஷல்மத்துக்கு.

இப்படி எழுத எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். எழுதிவிட்டேன். நீ சுகமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

கேட்டதற்குப் பதில். எனக்கு நினைவு இருந்தது. ஜுரத்தின் ஒன்பதாம் நாள், மூச்சு நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை. ஸக்கை என் காதருகே குனிந்தார்.

'தம்பி, நீ பொழைக்க மாட்ட. இப்படியே போறியா, தண்ணியில எறங்கிட்டுப் போறியா?'

'எறங்கறேன்' என்றேன்.

'கல்யாணம் ஆனவனா?'

'ஆமா.'

'அத விட்டுர்றியா?'

'விட்டுர்றேன்' என்றேன்.

இவ்வளவுதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான்கு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிப்போய், சாயத் துணி அலசும் தொட்டியில் இறக்கினார்கள். வாய்க்கால் தண்ணீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளைக்கு என் காது மடல் நீலமாக இருந்ததாம். அதற்கடுத்த நாள் எனக்குப் பசித்தது. ஸக்கை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவர் அழுதது வேறு, நான் அழுதது வேறு.

சாகிறவன்தானே, விடுவதற்கு என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று நினைத்ததாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நேரத்தில் நீ என் நினைவில் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. உன்னை விட்டுவிட்டேன் என்று சொன்னபோது உன் முகம்கூட எனக்குத் தெரியவில்லை. இதைத்தான் உனக்கு எழுத முடியாமல் இத்தனை மாதம் சாயக்காரர் கையையும் குதிரைக்காரனையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுந்த பிறகு ஸக்கையிடம் கேட்டேன். 'சாவுப் பயத்துல சொன்னது. பொழச்சவனுக்கும் அது செல்லுமா?' என்றேன். அவர், 'தம்பி, பயத்துல சொல்லாதவன் யாரு? குடுத்தது குடுத்ததுதான்' என்றார். கெட்ட மனிதர் இல்லை ஷல்மத். என்னைத் தன் மகனைப்போலப் பார்த்தவர்.

'வா' என்று நீ ஒரு வார்த்தை எழுது. சபையின் முன்னால் எழுந்து நின்று, என்னால் முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறேன். என்னைத் தள்ளிவைப்பார்கள், வைக்கட்டும். நான் வாசிக்கக் கேட்டு நம்பியவர்கள் என்ன ஆவார்கள் என்று தெரியவில்லை. அந்தக் குதிரைக்காரன் இப்போது தினமும் வருகிறான். அதையும் பார்த்துக்கொள்ளலாம். நீ சொல். நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

நீ மறைத்தது என்ன? உனக்கு உடம்பு சரியில்லையா?

கார்மு


8

எதேசா
ஆதார் மாதம்

அர்பேலில் இருக்கும் கார்முவுக்கு அவன் தாய் அமத்சீன் சொல்ல, சந்தைத் தெரு எழுத்தர் எழுதுவது. இந்த அம்மாள் சொல்வதை ஒரு எழுத்துக்கூட மாற்றக்கூடாதாம். திருத்தினால் மைக்கூட்டைக் கவிழ்ப்பேன் என்கிறார். எனவே அப்படியே எழுதுகிறேன்.

டேய் கார்மு. நல்லா இருக்கியா? சாப்புடறியா? நான் இருக்கேன். முழங்காலும் இருக்கு.

ஒம் பொண்டாட்டி புள்ள பெத்துட்டாடா. ஷ்பாத் மாசம், மழ கொட்டின அன்னிக்கு. பொம்பளப் புள்ள. ஒம் மூக்கு, அவ வாயி. ரெண்டு நாளு வலி. நான் பயந்துபோயி எல்லா சாமிக்கும் வேண்டிக்கிட்டேன், ஒங்க சாமியையும் விடல. புள்ள நல்லா இருக்கு. முன்ன போன ரெண்டு மாதிரி இல்ல, இது நிக்கும். கையப் புடிச்சா விடமாட்டேங்குது.

நீ கெளம்புனப்பவே வயித்துல இருந்திருக்கு. அவளுக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. போன தடவ மாதிரி ஆயிருமோன்னு ஒனக்குச் சொல்லல. நீ வந்ததும் சொல்லணும்னு இருந்தா. அப்புறம் ஒஞ் சேதி வந்துச்சு. அதுக்கப்புறம் சொல்லவே கூடாதுன்னு என் வாயையும் கட்டிப்புட்டா. 'அவரு எனக்காக வரட்டும், இல்ல வரவேணாம். புள்ளைக்காக வந்தா நான் எங்க நிக்கறது?'ங்கறா. நான் இதச் சொல்றது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா எங்கூடப் பேசமாட்டா. பரவாயில்ல.

நீ எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டல. அவளே படிச்சா. ரொம்ப நேரம் அந்தக் கடுதாசித் தோல கையில வெச்சுக்கிட்டு இருந்தா. 'என்னவாம்?'னு கேட்டேன். 'முடிவ எங்கிட்ட விட்டிருக்காரு அத்தை. விட்டதும் என்னக் கேக்காம, திரும்பி வாறதும் நான் சொல்லித்தானா?'ன்னா. அவ்வளவுதான். அப்புறம் புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிட்டா. அதான் ஒனக்குப் பதில் வரல.

ஒங்க ஊழியக்காரரு அப்லஹா வந்தாரு. 'ஒங்க மகன் பெரிய பாக்கியம் பண்ணினவரு'ன்னாரு. நான் சொன்னேன், எங்க அம்மன் கோயில்ல பைத்தியம் புடிச்ச பயலுவ சாமிக்குன்னு ஆம்பளத்தனத்தையே அறுத்துக்கிட்டு நின்னானுங்க, அதையே வேணாம்னு ராஜா தடுத்துட்டாரு, நீங்க என்னடான்னா ஒண்ணும் அறுக்காமலே ஆம்பளைய எடுத்துக்கிறீங்களேன்னு. மனுஷன் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாரு.

புள்ளைக்கு இன்னும் பேரு வெக்கல. வாடா. என்னமா வருவியோ, வா.

மேலே கண்டது முழுவதும் அந்த அம்மாள் வாயால் சொன்னது.


9

எதேசா, தெற்கு வாசல் அருகே சகோதரர் இல்லம்
நிசான் மாதம், உயிர்த்தெழுந்த திருநாள் கழிந்து

ஷல்மத்துக்கு கார்மு எழுதுவது.

உனக்கும் பிள்ளைக்கும் சமாதானம். பிள்ளை எப்படி இருக்கிறாள்? நீ தேறிவிட்டாயா?

நான் நம் ஊருக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. அம்மாவின் கடிதம் கிடைத்த அன்றே கிளம்பிவிட்டேன். ஸக்கை தடுக்கவில்லை. 'பெத்த புள்ளையப் பாக்கப் போறவன நான் எப்படி நிறுத்தறது? ஆனா எப்படிப் போறேன்னு யோசிச்சுக்கிட்டே போ' என்றார். வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். நிசிபின் வரை ஒரு முடிவு, நிசிபினுக்குப் பிறகு வேறொரு முடிவு.

வந்த அன்று அந்தி சாயும் நேரம் நம் வாசலுக்கு வந்தேன். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நீ அதைச் சமாதானப்படுத்தும் குரல் கேட்டது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். உள்ளே வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

சபைப் பெரியவர்களைப் போய்ப் பார்த்தேன். வீட்டு மாடியில் சகோதரனாக இருந்துகொள்கிறேனே என்று கேட்டேன். முதல் ஒரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது, அது இருவருக்கும் சோதனை என்றார்கள். ஒப்புக்கொண்டேன். இதையும் உன்னைக் கேட்காமல்தான் ஒப்புக்கொண்டேன்.

வரும் ஞாயிறு முதல் என்னை இங்கே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. தூரத்தில் இருந்தாவது பார்க்கிறேன். அதன்பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றுகிறது. என்னை இன்னும் முழுதாகக் கைவிடாதே.

அவளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நினைக்கிறாய்?

கார்மு


10

எதேசா
ஈயார் மாதம்

வாசகர் கார்முவுக்கு ஷல்மத் எழுதுவது.

சமாதானம். நாங்கள் மூன்று பேரும் நலம். நீங்கள் இளைத்திருக்கிறீர்கள். சகோதரர் இல்லத்தில் வெறும் பயறும் தண்ணீரும்தான் என்று கேள்வி. அத்தை ரொட்டி சுட்டு அனுப்புவார், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அர்பேலில் இருந்தபோது உங்கள் கடிதம் வர ஒரு மாதம் ஆகும். இப்போது மூன்று தெரு தள்ளி இருக்கிறீர்கள். வந்து ஆறு நாள் கழித்துத்தான் எழுத முடிந்திருக்கிறது. உங்கள் கால் வாசல் வரை வந்தது எனக்குத் தெரியும். அத்தை மாடியிலிருந்து பார்த்துவிட்டு வந்து, 'நிக்கறான்' என்றார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்பக்கமாகக் கதவருகே வந்து நின்றேன். திறக்கலாமா என்று இருந்தது. நீங்கள் தட்டவேண்டும் என்று நினைத்துவிட்டேன். மறுபடி அத்தை, 'போறான்' என்றார்.

நேற்று நீங்கள் கேட்டபடியே தூக்கிக்கொண்டு வந்தேன். என்னைச் சுற்றி நின்ற பெண்கள் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். உங்கள் குரல் மாறவில்லை, நன்றாகவே வாசித்தீர்கள். பாதியில் பிள்ளை வீறிட்டாள். பசி இல்லை, புதுக் கூட்டம் அவளுக்குப் பழக்கமில்லை. உங்கள் வாசிப்பு நின்றது. சுருளின் மேல் விரலை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தீர்கள். எல்லாரும் பார்த்தார்கள். அப்லஹா தொண்டையைக் கனைத்தார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சுவர் ஓரமாக நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் மேடையை விட்டு இறங்குகிறீர்கள், கூட்டம் வழி விடுகிறது, இப்போது கதவு திறக்கும் என்று நின்றேன். பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டேன், அழுமூஞ்சியாகத் தகப்பன் பார்க்க வேண்டாம் என்று.

பிறகு உங்கள் குரல் கேட்டது. விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்திருந்தீர்கள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஜுரத்தில் கிடந்து பயத்தில் சொன்னதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். சாகும்போது யார் முகம் யாருக்குத் தெரியும்? நேற்று உங்களுக்கு ஜுரம் இல்லை. என் முகமும் பிள்ளை முகமும் நன்றாகத் தெரியும் தூரத்தில் இருந்தன. என்ன செய்வது என்று தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பெயர் வைத்துவிட்டேன். நுஹ்ரா.

சபைக்கு வருவதை நான் நிறுத்தமாட்டேன். அந்தச் செய்தி உங்களுக்கு மட்டும் வந்தது அல்ல, எனக்கும் வந்ததுதான். கேட்போர் வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் நிற்பேன். நான் தண்ணீரில் இறங்கும் நாள் வந்தால் அது என் நாளாக இருக்கும், யாரும் என் கையைப் பிடிக்க வேண்டியதில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி அவள் அழுதால் வாசிப்பை நிறுத்தாதீர்கள். நீங்கள் நிறுத்தினால் நான் வெளியே நின்று காத்திருப்பேன்.

ஷல்மத்